சிக்னல் முழுசா இருக்கிறது, பிரிண்டர் மட்டும் வரவில்லை: லேப்டாப்புக்கும் ஆக்சஸ் பாயிண்டுக்கும் இடையே நடப்பது என்ன?

லேப்டாப் திரையின் ஓரத்தில் வைஃபை விசிறி முழுசாக நிரம்பியிருக்கும். பக்கத்து மேசைப் பிரிண்டருக்கு ஒரு பக்கம்கூடப் போகாது. "சிக்னல் ஃபுல்லா இருக்கு சார், நெட்வொர்க்தான் வரல" என்பது இந்த வேலை பார்ப்பவர்கள் தினமும் கேட்கும் வாக்கியம். சொல்பவர் பொய் சொல்லவில்லை. அந்த விசிறிக்கு நாம் கொடுத்திருக்கும் அர்த்தம்தான் பிழை. ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை அலை பரப்பும் கருவி) பேசுவது லேப்டாப்பின் காதில் எவ்வளவு பலமாக விழுகிறது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. லேப்டாப் பதில் சொல்வது அந்தப் பக்கம் கேட்கிறதா, கடவுச்சொல் பொருந்தியதா, ஐபி முகவரி கிடைத்ததா, சுவருக்குள் ஓடும் கேபிள் ஒழுங்காக இருக்கிறதா என்பதெல்லாம் விசிறிக்குத் தெரியாது.

லேப்டாப் நெட்வொர்க்கில் சேர்வது ஒரே சொடுக்கில் முடிந்துவிடுவதுபோலத் தோன்றினாலும், உள்ளே அது ஐந்தாறு படி. ஒவ்வொரு படியும் தனக்கே உரிய விதத்தில் தடுக்கும். எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வீடுகளில் ஃபைபர்காரர் மாட்டிவிட்டுப் போகும் பெட்டியை 'வைஃபை' என்றோ 'மோடம்' என்றோ சொல்கிறோம். அதற்குள் இருப்பது பல கருவிகள்: வெளி இணையத்தோடு பேசும் ரூட்டர், பின்பக்க மஞ்சள் போர்ட்டுகளை இணைக்கும் ஸ்விட்ச், ரேடியோ அலையில் பேசும் ஆக்சஸ் பாயிண்ட். அலுவலகங்களில் இவை தனித்தனிப் பெட்டிகள். கூரையில் வெள்ளைத் தட்டுபோல ஒட்டியிருப்பது ஆக்சஸ் பாயிண்ட் மட்டும்தான். அது பொதுவாக ஐபி முகவரி கொடுப்பதில்லை, இணையத்தையும் தருவதில்லை. ஒரு கால் காற்றில், ஒரு கால் கேபிளில் வைத்துக்கொண்டு இங்கே கேட்டதை அங்கே சொல்வதுதான் அதன் வேலை. அதனால்தான் இணைய இணைப்பு அறுந்து கிடக்கும் நாளிலும் லேப்டாப்பிலிருந்து பிரிண்டருக்கும், கணக்குப் பிரிவின் சர்வருக்கும் வேலை தடையில்லாமல் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் கோளாறு உள்ளேதான் இருக்கிறது. இணையக் கம்பெனிக்குப் போன் போட்டுப் பயனில்லை.

தம்பட்டம் அடித்தல்

ஆக்சஸ் பாயிண்ட் 102.4 மில்லிவினாடிக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்குக் கிட்டத்தட்ட பத்துமுறை, 'பீக்கன்' என்ற சிறு செய்தியை எல்லாருக்குமாகச் சொல்லிக்கொண்டிருக்கும். தன் பெயர், சேனல் (பேசும் அலைவரிசையின் எண்), எந்தெந்த வேகத்தில் பேச முடியும், எந்த வகைப் பாதுகாப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும். லேப்டாப் சேனல் சேனலாகத் தாவி இதைக் கேட்டுப் பட்டியல் போடுகிறது. பொறுமை இல்லாவிட்டால் தானே "யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டும் பார்க்கும்.

பெயரை மறைத்து வைத்தால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். பீக்கனில் பெயர் இருக்காது, அவ்வளவே. மாறாக, அந்த நெட்வொர்க்கைச் சேமித்து வைத்திருக்கும் லேப்டாப், ரயில் நிலையத்திலும் டீக்கடையிலும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தேட வேண்டிவரும். ஒளித்து வைத்த பெயரை ஊரெல்லாம் கூவிக்கொண்டு போவது இது.

பெயரைத் தேர்ந்ததும் லேப்டாப் 'சேரலாமா' என்று கேட்கிறது. ஆக்சஸ் பாயிண்ட் அதற்கு ஒரு எண் ஒதுக்கிச் 'சேர்ந்துகொள்' என்கிறது. டபிள்யூபிஏ2 என்ற பரவலான பாதுகாப்பு முறையில் இதுவரை கடவுச்சொல் பேச்சே எழவில்லை. இந்தப் படி தடைபட்டால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஆக்சஸ் பாயிண்டில் ஏற்கெனவே ஆள் நிறைந்திருக்கும். அல்லது டபிள்யூபிஏ2வைவிடப் புதிய டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்துவிட்டார்கள், லேப்டாப்பின் கார்டுக்கோ டிரைவருக்கோ அது தெரியாது. பழைய லேப்டாப்புகள் கலந்திருக்கும் இடத்தில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறையில் வைப்பது நல்லது.

கடவுச்சொல் காற்றில் போவதில்லை

இந்தப் படியைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். டபிள்யூபிஏ2வில் நீங்கள் தட்டும் கடவுச்சொல் (8 முதல் 63 எழுத்து) லேப்டாப்பை விட்டு வெளியே போவதே இல்லை. அதையும் நெட்வொர்க்கின் பெயரையும் சேர்த்து 4,096 முறை அரைத்து 256 பிட் சாவி ஒன்றை லேப்டாப் செய்துகொள்கிறது. ஆக்சஸ் பாயிண்டிடமும் அதே கணக்கில் செய்த சாவி இருக்கிறது. பெயரும் கணக்கில் சேர்வதால், கடவுச்சொல் அதே என்றாலும் பெயரை மாற்றினால் சாவி மாறிவிடும்.

பிறகு நான்கு செய்திகள் கொண்ட கைகுலுக்கல். ஆக்சஸ் பாயிண்ட் ஒரு தற்செயல் எண்ணை அனுப்பும். லேப்டாப் தன் பங்குக்கு ஒரு எண்ணைச் சேர்த்து, இரண்டையும் சாவியோடு கலந்து, தனக்குச் சாவி தெரியும் என்பதற்குச் சான்றாக ஒரு முத்திரை போட்டு அனுப்பும். முத்திரை பொருந்தினால் மூன்றாவது செய்தியில் எல்லாருக்குமான பொதுச் சாவியும் வரும். நான்காவது, 'சரி' என்ற ஒப்புதல். இந்த அமர்வுக்கென்று லேப்டாப்புக்குத் தனிச் சாவி பிறந்துவிட்டது. கடவுச்சொல் தப்பென்றால் இரண்டாம் செய்தியின் முத்திரை பொருந்தாது. மூன்றாவது செய்தி வரவே வராது. ஆக்சஸ் பாயிண்டின் பதிவேட்டில் கைகுலுக்கல் பாதியில் நின்றதாக எழுதியிருக்கும். லேப்டாப்பிலோ 'இந்த நெட்வொர்க்கோடு இணைய முடியவில்லை' என்ற பொத்தாம்பொதுவான வரி வரும். அந்த வரியைப் பார்த்துவிட்டு ரேடியோவையும் ஆன்டெனாவையும் சந்தேகிப்பது வீண். நெட்வொர்க்கை 'மறந்துவிடு' கொடுத்துக் கடவுச்சொல்லைப் புதிதாகத் தட்டுங்கள்.

இந்தக் கைகுலுக்கலைப் பக்கத்தில் இருப்பவர் பிடித்து வைத்துக்கொண்டு, வீட்டில் போய் லட்சக்கணக்கான சொற்களைப் போட்டுப் பார்க்க முடியும். எட்டு இலக்கத் தொலைபேசி எண், பிறந்த தேதி எல்லாம் அதில் உடனே விழுந்துவிடும். டபிள்யூபிஏ3 இந்த வழியை அடைக்கிறது: ஒவ்வொரு ஊகத்துக்கும் ஆக்சஸ் பாயிண்டிடமே நேரில் கேட்டாக வேண்டும்.

கேபிளில் கால் வைக்கும் இடம்

இப்போதுதான் ஆக்சஸ் பாயிண்டின் அசல் வேலை தொடங்குகிறது. லேப்டாப் அனுப்பும் ஒவ்வொரு ஃபிரேமிலும் (தகவல் பொட்டலத்திலும்) மூன்று முகவரிகள் இருக்கும்: காற்றில் இதை யார் பிடிக்க வேண்டும் (ஆக்சஸ் பாயிண்ட்), யார் சொன்னது (லேப்டாப்), கடைசியில் யாருக்குப் போக வேண்டும் (பிரிண்டர் அல்லது ரூட்டர்). ஈதர்நெட் கேபிளில் இரண்டு முகவரிக்குத்தான் இடம். ஆக்சஸ் பாயிண்ட் தன் முகவரியை உருவிவிட்டு, லேப்டாப்பின் மேக் முகவரியையே (நெட்வொர்க் கார்டுக்குரிய அடையாள எண்) அனுப்புநராக வைத்து, ஈதர்நெட் உறையில் போட்டு ஸ்விட்ச்சுக்குத் தள்ளுகிறது. தன் பெயரைப் போட்டுக்கொள்ளாத தபால்காரர்.

இதில் ஒரு விளைவு உண்டு. ஸ்விட்ச்சின் கண்ணுக்கு ஒரே போர்ட்டில் முப்பது நாற்பது மேக் முகவரிகள் தெரியும். பாதுகாப்புக்காக 'ஒரு போர்ட்டுக்கு ஒரு மேக்' என்று கட்டியிருக்கும் அலுவலகங்களில், ஆக்சஸ் பாயிண்டை மாட்டிய சில நிமிடங்களில் அந்த போர்ட் தானாகவே மூடிக்கொள்ளும். புது ஆக்சஸ் பாயிண்ட் பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்புவார்கள். கடையில் அது நன்றாகவே ஓடும்.

இப்போது ஐபி முகவரி. லேப்டாப் "எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்" என்று டிஹெச்சிபி வழியே நெட்வொர்க் முழுக்கக் கூவும். ரூட்டரோ சர்வரோ ஒன்றை நீட்டும், லேப்டாப் அதையே கேட்கும், அவர்கள் உறுதி செய்வார்கள். இங்கே தடங்கல் வந்தால் அடையாளம் துல்லியமானது: லேப்டாப் தானே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைப் போட்டுக்கொள்ளும். இதைப் பார்த்தால் ரேடியோவும் கடவுச்சொல்லும் பாஸ். தவறு அதற்கு அப்பால். ஆக்சஸ் பாயிண்ட் மாட்டியிருக்கும் ஸ்விட்ச் போர்ட்டில் அந்த வைஃபை பெயருக்கான வீலேன் எண் (ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்கின் எண்) சேர்க்கப்படாமல் இருக்கலாம். அல்லது முகவரி தீர்ந்து போயிருக்கலாம். 192.168.1 வரிசையில் ரூட்டர் போக மிச்சம் 253 முகவரிகள்தான். வந்துபோகிறவர்களின் போன்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளும். சில போன்கள் மேக் முகவரியை மாற்றிக்கொண்டு ஒன்றுக்கு இரண்டாக எடுக்கும். ஒரு முகவரியை ஒருவருக்கென்று ஒதுக்கி வைக்கும் குத்தகைக் காலம் 24 மணி நேரம் என்றிருந்தால் மதியத்துக்குள் கிடங்கு காலி. விருந்தினர் நெட்வொர்க்கில் அதை 2 மணி நேரமாகக் குறைத்தால் போதும்.

முகவரி கிடைத்தும் பிரிண்டர் தெரியவில்லையா? ஆக்சஸ் பாயிண்டில் 'கிளையன்ட் ஐசோலேஷன்' என்ற பொத்தானைப் பாருங்கள். அது இயங்கினால் ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்கவே முடியாது. விருந்தினருக்கு அது சரி, அலுவலகத்துக்குச் சரியில்லை.

வீடுகளில் இதற்கு வேறொரு காரணம். மாடிக்கு வைஃபை போகவில்லை என்று இன்னொரு ரூட்டரை வாங்கி, அதன் நீல நிற 'வான்' (WAN, வெளி இணையத்துக்கான) போர்ட்டில் கேபிளைச் செருகுவார்கள். அது தனக்கென்று தனி நெட்வொர்க் நடத்தத் தொடங்கிவிடும். இணையம் வரும், ஆனால் மாடி லேப்டாப் பிரிண்டரைத் தேடினால் கிடைக்காது, கீழே இருப்பவர்களுக்கு மாடிக் கணினியின் கோப்புகளும் திறக்காது. அந்த ரூட்டரை வெறும் ஆக்சஸ் பாயிண்டாக மாற்ற வேண்டும். 'ஆக்சஸ் பாயிண்ட் மோட்' இருந்தால் அதைத் தேர்ந்தால் முடிந்தது. இல்லாவிட்டால்: அதன் முகவரியை 192.168.1.2 போல முதல் ரூட்டரின் வரிசையிலேயே, அது மற்றவர்களுக்குக் கொடுக்காத எண்ணாக வையுங்கள். அதன் டிஹெச்சிபியை நிறுத்துங்கள். கேபிளை வான் போர்ட்டிலிருந்து எடுத்து 'லேன்' (LAN, உள் நெட்வொர்க்குக்கான) போர்ட் ஒன்றில் செருகுங்கள். இந்த வரிசை முக்கியம். டிஹெச்சிபியை நிறுத்தாமல் கேபிளை மாற்றினால் ஒரே நெட்வொர்க்கில் இரண்டு பேர் முகவரி விநியோகிக்க, யாருக்கு எது கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு நேரத்தில் ஒருவர்

இணைந்த பிறகும் மெதுவாக இருக்கிறது என்ற புகாருக்கு, காற்றின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்விட்ச் கேபிளில் இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம். வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், ஆக்சஸ் பாயிண்டும் சேர்த்து. பேசும் கருவிக்குத் தன் குரலே காதை அடைப்பதால் மோதல் நடந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியாது. எனவே எல்லாரும் முதலில் காது கொடுக்கிறார்கள். அமைதி என்றால் தற்செயலாக ஓர் எண்ணை எடுத்து, 9 மைக்ரோவினாடிக்கு ஒன்றாக எண்ணிக் குறைத்து, பூஜ்யம் வந்ததும் பேசுகிறார்கள். ஒப்புதல் வராவிட்டால் இன்னும் பெரிய எண்ணை எடுத்துக் காத்திருந்து மறுபடி. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் தீவுகளுக்கிடையே ரேடியோ வழியே கணினியைப் பகிர ஓடத் தொடங்கிய அலோஹாநெட் காட்டிய வழியின் மெருகேறிய வடிவம்தான் இது. அங்கே காது கொடுக்கும் பழக்கம் இல்லை: பேசிவிட்டுப் பதில் வராவிட்டால் தற்செயலான நேரம் பொறுத்துத் திரும்பப் பேசுவார்கள்.

இதனால் தூரத்து லேப்டாப் ஒன்று அறை முழுவதையும் மெதுவாக்கும். 1,500 பைட் ஃபிரேமை 54 மெகாபிட் வேகத்தில் சொல்லக் கால் மில்லிவினாடிக்கும் குறைவு. சிக்னல் தேய்ந்து 1 மெகாபிட்டுக்கு இறங்கிய லேப்டாப்புக்கு அதே ஃபிரேம் 12 மில்லிவினாடி. அது முடியும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

ஒரே ஆக்சஸ் பாயிண்டில் 'நிர்வாகம்', 'ஊழியர்', 'விருந்தினர்', 'பயிற்சி' என்று பெயர்களை அடுக்கும் வழக்கத்துக்கும் இதே கணக்கு. ஒவ்வொரு பெயருக்கும் தனி பீக்கன். 250 பைட் பீக்கன், முன்னால் வரும் ஒத்திசைவுக் குறியும் சேர்த்து, 1 மெகாபிட் வேகத்தில் 2.2 மில்லிவினாடி எடுக்கும். ஆறு பெயர், வினாடிக்குப் பத்து: 132 மில்லிவினாடி. யாரும் எதுவும் செய்யாமலே நேரத்தில் 13 விழுக்காடு போயிற்று. அதே சேனலில் மூன்று ஆக்சஸ் பாயிண்ட் ஒன்றையொன்று கேட்டால் கிட்டத்தட்ட 40 விழுக்காடு. மூன்று பெயருக்கு மேல் வேண்டாம். குறைந்தபட்ச வேகத்தை 12 மெகாபிட்டாக உயர்த்திவிடுங்கள். 802.11பி என்ற பழைய வைஃபை தரத்தின் காலத்துப் பழங்கருவிகள் மட்டும் அதன்பின் சேர முடியாது.

சேனல் தேர்வில் ஒரு பிடிவாதம் நல்லது. 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் பிடிக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை 1, 6, 11 மட்டுமே. 'ஒன்றிலும் ஆறிலும் கூட்டம், நடுவில் மூன்று காலியாக இருக்கிறதே' என்று மூன்றில் வைப்பது கெட்டிக்காரத்தனம் போலத் தோன்றும். ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேச்சை மற்றவர் புரிந்துகொண்டு முறை வைத்துப் பேசுவார்கள். மூன்றில் இருப்பவர் இரு பக்கத்துக்கும் புரியாத இரைச்சல்.

முடிந்த மட்டும் லேப்டாப்புகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு நகர்த்துங்கள். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் 2005 ஜனவரியில் உரிமம் தேவையற்றதானது. 2018 அக்டோபர் அறிவிக்கையில் 5 கிகாஹெர்ட்ஸில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் திறந்துவிடப்பட்டது. அங்கே இடம் தாராளம். ஆனால் சுவரைக் கடக்கும் திறன் குறைவு. ஓர் ஆக்சஸ் பாயிண்ட் மட்டும் உள்ள வீட்டில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைக்கலாம். பல உள்ள அலுவலகத்தில் 40 அல்லது 20தான் நிம்மதி. 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடாரோடு பகிர்வன. ரேடார் கேட்டதும் ஆக்சஸ் பாயிண்ட் அந்தச் சேனலைக் காலி செய்துவிட்டு வேறொன்றுக்குத் தாவும். விமான நிலையத்துக்கு அருகில் வைஃபை காரணமின்றி விட்டுவிட்டு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பவரைக் கூட்டினால் சரியாகுமா?

ஆகாது. ஆரம்பத்தில் சொன்ன விசிறிக்கு இங்கே திரும்ப வேண்டும். சிக்னல் பலத்தை டிபிஎம் என்ற எதிர்ம அளவில் சொல்வார்கள்: -50 அருமை, -67 வரை காணொளிக் கூட்டம் தாங்கும், -75க்குக் கீழே தள்ளாடும். 3 குறைந்தால் பலம் பாதி. ஆப்பிளின் மேக் லேப்டாப்பில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை சின்னத்தைச் சொடுக்கினால் இந்த எண் தெரியும். விண்டோஸில் வைஃபை பண்புகள் பக்கத்தில் பேன்ட் (2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ்), சேனல், இணைப்பு வேகம் தெரியும்.

ஆக்சஸ் பாயிண்டின் பவரை உச்சத்துக்கு ஏற்றினால் மாடிவரை அதன் குரல் கேட்கும். லேப்டாப்பின் குரலோ அப்படியேதான் இருக்கிறது. ஒலிபெருக்கியில் பேசுகிறவருக்கு எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து முணுமுணுத்துப் பதில் சொல்வதுபோல. விசிறி முக்கால் நிரம்பியிருக்கும், கோப்பு மட்டும் மேலேறாது. பவரை நடுத்தரத்தில் வைத்து, இன்னோர் ஆக்சஸ் பாயிண்டைக் கேபிளோடு மாட்டுவதே வழி. இடமும் முக்கியம்: இரும்பு பீரோவுக்குப் பின்னால், கான்கிரீட் தளத்தின் அடியில் மூலையில், மீன்தொட்டிக்குப் பக்கத்தில், சர்வர் அலமாரிக்கு உள்ளே வைத்தால் எந்தப் பவரும் உதவாது. லேப்டாப்பின் ஆன்டெனா பெரும்பாலும் மூடியில், திரையின் ஓரத்தில்தான் இருக்கும்; மூடியை மூடி வைத்து வெளித்திரையில் வேலை செய்பவர்களுக்குச் சிக்னல் சற்றுக் குறைவதற்கு அதுவே காரணம்.

இரண்டு ஆக்சஸ் பாயிண்ட் இருக்கும்போது எதில் ஒட்டுவது என்று முடிவு செய்வது லேப்டாப்தான். கூட்ட அறைக்கு நடந்து வந்த பிறகும் பழையதையே பிடித்துத் தொங்குவது அதன் பிடிவாதம். பவரைக் குறைப்பதும் குறைந்தபட்ச வேகத்தை உயர்த்துவதும் இதற்கும் மருந்து. அது ஒருவழியாக மாறியதும், புது ஆக்சஸ் பாயிண்ட் லேப்டாப்பின் மேக் முகவரியில் ஒரு சிறு ஃபிரேமைக் கேபிளில் விடும். 'ஆள் இப்போது இந்த போர்ட்டில்' என்று ஸ்விட்ச் அதிலிருந்து கற்றுக்கொள்ளும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான லேப்டாப்புகளில் ஆன்டெனா இரண்டுதான். 80 மெகாஹெர்ட்ஸில் வைஃபை 5க்கு 867, வைஃபை 6க்கு 1,201 மெகாபிட் என்பது அதன் உச்சம். பேச்சுக்கு முன்னும் பின்னும் ஆகும் காத்திருப்பு போகக் கையில் கிடைப்பது அதில் பாதியைச் சற்றுத் தாண்டும், அதுவும் அதே அறையில்.

அந்தப் பாதிகூட வராமல், எந்த லேப்டாப்பில் சோதித்தாலும் வேகம் 94 மெகாபிட்டிலேயே நின்றால் ரேடியோவை விட்டுவிட்டு ஏணியை எடுங்கள். கூரைக்குப் போகும் கேபிளில் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். கிரிம்பிங் செய்யும்போது (கேபிள் நுனியில் கனெக்டரை அழுத்திப் பொருத்தும்போது) ஒரு நீலமோ பழுப்போ சரியாக உட்காராமல் போனால், ஸ்விட்ச்சும் ஆக்சஸ் பாயிண்டும் சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், மின்சாரமும் அதே கேபிளில் போகும், வைஃபையும் ஓடும். ஸ்விட்ச்சின் பக்கத்தில் போர்ட் வேகம் 100 என்று காட்டுகிறதா என்று பார்த்து, கனெக்டரை வெட்டிப் புதிதாக அடிக்க வேண்டும். கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஸ்விட்ச் 15.4 வாட் மட்டும் தருவதாயிருந்து, ஆக்சஸ் பாயிண்ட் 25 வாட் கேட்பதாயிருந்தால், சில மாடல்கள் எரிந்தபடியே ஒரு ரேடியோவை அணைத்துவிடும். விளக்கைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும்.